பாம்புக் கடியில் கால் வீங்கி இறுகினால் உடனே கீறிவிட வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான கடிகளில் கத்திக்கு வேலையே வராது.

விரியன் கடித்த கால் கல்லாய் இறுகும், தோல் பளபளக்கும், விரல்கள் மரத்துப்போகும், அசைத்தாலே உயிர்போகும் வலி. பார்வைக்குக் காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசையைச் சுற்றிய உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது) போலவே இருக்கும். ஆனால் விஷம் பெரும்பாலும் தோலுக்கு அடியில்தான் இறங்குகிறது, வீக்கமும் அங்கேதான். உள்ளே தசை உறையில் அழுத்தம் ஏறாமலே இருக்கலாம். ஆகவே ஊசி செலுத்தி அளந்தே தீர வேண்டும். இயல்பான அளவு சுமார் 10 மி.மீ. பாதரசத்துக்குள். ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து ஊசியில் அளந்த அழுத்தத்தைக் கழித்து, 30க்குக் குறைவாக வந்தால்தான் தசைக்கு ரத்தம் போவது ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

அப்போதும் முதலில் விஷமுறிவு மருந்து. விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அந்த நிலையில் கீறினால் ரத்தம் நிற்காது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடினால் உறையவில்லை. சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ பொய் முடிவு காட்டும். மருந்து கொடுத்து 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பல சமயம் மருந்திலேயே அழுத்தமும் இறங்கிவிடும். கீறினால் விஷம் வெளியேறும் என்பது தவறு. தசையை விஷமே நேரடியாக அழிக்கிறது. உறையைத் திறப்பது அதைத் தடுக்காது.

உண்மையிலேயே தேவைப்பட்டால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. முழங்காலுக்குக் கீழே தசைகள் உறைகளால் பிரிந்த நான்கு அறைகளில் இருக்கின்றன. வெளிப்பக்கக் கீறல் வழியே முன்னறையும் பக்க அறையும், உள்பக்கக் கீறல் வழியே பின்புற அறைகள் இரண்டும் திறக்கப்படும். கீறல் குட்டையாக இருந்தால் தோலே இறுக்கும். ஆழத்துப் பின்னறைதான் அடிக்கடி விட்டுப்போகிறது. காயத்தைத் தைக்காமல் விட்டு, 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். ரத்தம் கசிந்த தசை கறுத்தே தெரியும், எனவே நிறத்தை நம்பாதீர்கள். இடுக்கியால் கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா என்பதே அளவுகோல்.

நல்ல பாம்புக் கடியில் சிக்கல் வேறு: திசு அழுகல். முதல் நாளிலேயே கறுத்ததையெல்லாம் வெட்டினால் பிழைக்கக்கூடிய தோலும் போய்விடும். செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் கோடு விழச் சில நாட்கள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். சீழ், நாற்றம், காய்ச்சல் என்று தொற்று பரவினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. செத்ததை அகற்றி, சிவந்த புதுச்சதை வளர்ந்ததும் தோல் ஒட்டு வைக்கலாம். உறையிழந்து வெளியே தெரியும் தசைநாண்மேல் ஒட்டு பிடிக்காது; ரத்த ஓட்டத்தோடு கூடிய மடல் தோல் தேவைப்படும்.

பலர் மறப்பது கணுக்காலை. முதல் நாளிலிருந்தே 90 டிகிரியில் சிம்பு கட்டாவிட்டால் பாதம் கீழ்நோக்கி விறைத்துவிடும். காயம் முழுதும் ஆறிய பிறகும் குதிகால் தரையில் பதியாது.