குளிர்ந்த, வறண்ட கோடை மாதம்: அது சாதனையா என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் சிறிய தானியங்கி வானிலைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். கோடையின் நடு மாதத்தில் அது காட்டிய சராசரி வெப்பநிலை 22.1 டிகிரி செல்சியஸ்; மழை 9 மில்லிமீட்டர். 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விமான நிலையத்தில் இதே மாதத்தின் இயல்பளவு 24.1 டிகிரி, 48 மில்லிமீட்டர். அது எங்கள் வீட்டைவிட 150 மீட்டர் தாழ்வான இடம். இவ்வளவு குளிர்ந்த, வறண்ட கோடை மாதம் இங்கே இதற்கு முன் வந்ததில்லை என்று குறித்துவைக்கலாமா? முறையாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: இப்போதைக்குக் குறிக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்தே அந்த 2 டிகிரியில் பாதியைக் கழித்துவிடலாம். உயரம் கூடக்கூட வெப்பநிலை குறைகிறது. பொதுவான சராசரி 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி. 150 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி. எந்த விசேஷமும் இல்லாத கோடையிலும் உங்கள் தோட்டம் விமான நிலையத்தைவிட அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

மீதமுள்ள 1 டிகிரியும் முழுதாக நிற்காது. உங்கள் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி காண்கிறது. வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளில் பெரும்பாலும் அப்படி இல்லை. அன்றைய உச்ச வெப்பநிலையையும் தாழ்ந்த வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். அதுதான் அந்த நாளின் சராசரி. ஒரே நாளை இரு முறைகளிலும் கணக்கிட்டால் விடை ஒன்றாக வருவதில்லை. கோடையில் பல இடங்களில் இரண்டாவது முறை சற்றுக் கூடுதலான எண்ணைத் தருகிறது. கருவி இருக்கும் இடம் அடுத்த சிக்கல். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகும் மரச்சட்டங்கள் கொண்ட வெள்ளை ஸ்டீவன்சன் பெட்டிக்குள், குட்டையான புல்தரைமேல் இருக்கும். உங்களுடையது மரநிழலில் இருந்தால் பகல் உச்சத்தைக் குறைத்துக் காட்டும். சுவரை ஒட்டி இருந்தால் இரவில் சுவர் வெளிவிடும் வெப்பத்தையும் சேர்த்து அளக்கும்.

இந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போகும் வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாமே தோராயம், நான்கு தோராயங்கள் சேர்ந்தால் பிழை நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிதாகிவிடும். அதிலும் உயரத் திருத்தம் வறண்ட மாதத்தில்தான் காலை வாரும். மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரையை ஒட்டிய காற்று வேகமாகக் குளிர்ந்து, கனத்து, பள்ளத்தில் போய்த் தங்குகிறது. அப்போது மேட்டில் இருக்கும் வீட்டைவிடத் தாழ்விலுள்ள விமான நிலையமே குளிர்ந்திருக்கலாம். 1,000 மீட்டருக்கு 6.5 என்பது பகல் உச்சத்துக்கு ஓரளவு பொருந்தும். இரவுக்கு அதை நம்பாதீர்கள்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. விமான நிலையத்தின் இயல்பை விமான நிலையத்தின் இந்த மாத அளவோடு ஒப்பிடுங்கள். இடம் ஒன்று, கருவி ஒன்று, கணக்கு முறை ஒன்று. அதில் வருவதுதான் விலகல். நிலையம் இந்த மாதம் 23.3 டிகிரி பதிவு செய்திருந்தால் விலகல் 0.8 டிகிரி குறைவு. உங்கள் வீட்டுக்கும் ஏறக்குறைய அதே விலகல்தான் என்று கொள்ளலாம். வெப்பநிலையின் மாத விலகல் பரந்த நிலப்பரப்புக்குப் பொதுவானது. நடு அட்சரேகைகளில் சுமார் 1,000 கிலோமீட்டர் இடைவெளியுள்ள நிலையங்கள்கூட ஒன்றையொன்று ஓரளவு பின்தொடர்கின்றன என்று காலநிலை ஆய்வாளர்களான ஹேன்சனும் லெபெடெஃபும் 1987-இல் காட்டினார்கள். அளவு இடத்துக்கு இடம் மாறும். விலகல் அவ்வளவு எளிதில் மாறாது. மழைக்கு இந்தச் சலுகை இல்லை. கோடை இடிமழை ஒரு கிராமத்தை நனைத்துவிட்டு அடுத்த கிராமத்தைத் தொடாமல் போய்விடும்.

அந்த இயல்பு எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். உலக வானிலை அமைப்பின் வழக்கப்படி இயல்பு என்பது 30 ஆண்டுச் சராசரி. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் இப்போதைய காலம் 1991–2020. நீண்டகாலக் காலநிலை மாற்றத்தை அளக்க மட்டும் 1961–1990 தனியாகப் பேணப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் பூமி சூடேறியிருப்பதால், 1960-களில் யாரும் கவனித்திருக்காத சாதாரண மாதம் இன்றைய அட்டவணையில் 'இயல்பைவிடக் குளிர்ந்தது' என்று இடம்பெறும். உங்கள் நிலையத்துக்கு இரண்டு இயல்புகளும் கிடைத்தால் இரண்டோடும் ஒப்பிட்டு, இரண்டையும் எழுதிவையுங்கள். பழைய இயல்போடு ஒப்பிடும்போது குளிர்ச்சி காணாமல் போனால், நீங்கள் கண்டது தாத்தா காலத்துச் சராசரிக் கோடையைத்தான்.

0.8 டிகிரி பெரியதா, சிறியதா? இடத்தைப் பொறுத்தது. கடந்த 30 ஆண்டுகளின் இதே மாதச் சராசரிகளை எடுத்து அவற்றின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவை, கணக்கிடுங்கள். எந்த விரிதாள் மென்பொருளும் ஒரு நொடியில் செய்துவிடும். வெப்பமண்டலத்தில் அது பெரும்பாலும் 1 டிகிரிக்கும் குறைவு. அங்கே 0.8 டிகிரி கவனிக்க வேண்டிய விலகல். கடலிலிருந்து வெகுதொலைவில், உயர் அட்சரேகையில் இருக்கும் ஊரில் அதே 0.8 டிகிரி ஆண்டுக்காண்டு வரும் வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும்.

'சாதனை' என்ற சொல்லை நான் கஞ்சத்தனமாகவே பயன்படுத்துவேன். காலநிலை மாறாமல் இருந்தால், n ஆண்டுப் பதிவில் இந்த ஆண்டு மிகக் குறைந்ததாக அமைய வாய்ப்பு n-இல் ஒன்று. 10 ஆண்டுப் பதிவு மட்டுமே உள்ள நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாதங்கள், ஒவ்வொன்றுக்கும் மிகச் சூடு, மிகக் குளிர், மிக ஈரம், மிக வறட்சி என்று நான்கு சாதனைகள், மொத்தம் 48. பத்தில் ஒரு வாய்ப்பு என்றால், வானம் எதுவும் விசேஷமாகச் செய்யாமலேயே ஆண்டுக்கு ஐந்து சாதனைகள் விழும். செய்திகளில் 'பதிவு தொடங்கியதிலிருந்து' என்று படிக்கும்போது, பதிவு எந்த ஆண்டில் தொடங்கியது என்று தேடுவது என் பழக்கம். நிலையம் இடையில் இடம் மாறியதா என்றும் பார்க்க வேண்டும். ஊர் நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு மாற்றப்பட்ட நிலையம் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு இடங்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

மழைக் கணக்கு

48-க்கு 9 என்றால் இயல்பில் 19 சதவீதம். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சதவீதம் நம்மை எளிதில் ஏமாற்றும். வெப்பநிலை சராசரியின் இருபுறமும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். மழை அப்படியல்ல. பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலே எல்லையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கொட்டிய பெருமழை சராசரியைத் தூக்கி நிறுத்திவிடும். ஆகவே பெரும்பாலான ஆண்டுகள் 'இயல்பைவிடக் குறைவு' என்றே முடிகின்றன. சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவைப் பாருங்கள்: ஆண்டுகளை மழை அளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது எதுவோ அது.

அதே வரிசையில் இந்த மாதத்தின் இடத்தையும் காணலாம். விமான நிலையத்தின் 30 ஆண்டு அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி, இந்த மாதம் அங்கே பெய்ததை நுழையுங்கள். அதைவிடக் குறைவான மழை பெற்ற ஆண்டுகள் 4 என்றால் இது 31 ஆண்டுகளில் ஐந்தாவது. 5-ஐ 32-ஆல் வகுத்தால் 0.16. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வறட்சி. வகுக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொள்வது நீரியலில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அது இல்லாவிட்டால் பட்டியலின் கடைசி ஆண்டைவிட அதிக மழை பெய்யவே வழியில்லை என்றாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் மழைமானியைச் சோதியுங்கள். வீட்டுக் கருவியில் மழை குறைந்தால் நான் முதலில் சந்தேகிப்பது வானத்தை அல்ல, புனலை. ஒரு காய்ந்த இலை, ஒரு சிலந்தி வலை போதும். புனல் வாயின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கணக்கிடுங்கள். அதே எண்ணிக்கை மில்லிலிட்டர் தண்ணீர் 10 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலுக்கு 314 மில்லிலிட்டர். அரை மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். கருவி 10-க்கு அருகில் காட்டாவிட்டால் உங்கள் 9 மில்லிமீட்டரை மறந்துவிடுங்கள். நாள் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும். பல நாடுகளில் மழையைக் காலையில்தான் அளப்பார்கள். உங்கள் கருவி நள்ளிரவில் நாளை முடிக்கிறது. மாதத்தின் கடைசி இரவில் பெய்த ஒரே மழை இரண்டு பதிவுகளில் இரண்டு வெவ்வேறு மாதங்களில் போய் விழலாம்.

குளிர்ச்சியும் வறட்சியும் சேர்ந்து வந்தால்

உங்கள் கேள்வியில் எனக்குச் சுவையாகப் பட்ட பகுதி இதுதான். நடு அட்சரேகை நிலப்பகுதிகளில் கோடையில் குளிர்ச்சி மழையோடும், வெப்பம் வறட்சியோடும் சேர்ந்து வருவதுதான் வழக்கம். மேகம் வெயிலை மறைக்கிறது. நனைந்த மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண் காய்ந்துவிட்டால் வெயிலின் ஆற்றல் முழுதும் காற்றைச் சுடவைக்கவே போகிறது. 1659-இல் தொடங்கும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரில் மிகக் குளிர்ந்த ஆகஸ்ட் 1912-இல் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் மழைத் தொடரில் மிக அதிக மழை பெற்ற ஆகஸ்டும் அதுவே. மிகச் சூடான ஆகஸ்ட் 1995. மிக வறண்டதும் 1995.

ஆகவே பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் குளிர்ச்சி, ஆறாண்டுக்கு ஒருமுறை வரும் வறட்சி, இரண்டையும் பெருக்கினால் அறுபதாண்டுக்கு ஒருமுறை என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் தனித்தனிச் சீட்டுகளல்ல. வழக்கமான உறவுக்கு எதிராக அமையும் மாதம் பெருக்கல் சொல்வதைவிட அரிதாகவே இருக்கும். இன்னோர் இடத்தில் அது அரிதே அல்ல: சான் பிரான்சிஸ்கோவில் ஒவ்வொரு கோடையும் குளிர்ந்த கடலும் தாழ்ந்த மேகமும் பகலைத் தணிக்கின்றன, மழையோ கிட்டத்தட்டப் பெய்வதேயில்லை. அங்கே குளிர்ந்த, வறண்ட ஜூலை ஒரு செய்தியே அல்ல. எனவே 30 ஆண்டுகளையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக இடுங்கள், கிடையில் வெப்பநிலை, நெடுக்கில் மழை. இந்த மாதத்தின் புள்ளி ஒரு மூலையில் தனியாக நின்றால் உங்கள் உள்ளுணர்வு சரிதான்.

காரணத்தை அறிய, பகல் உச்சத்தையும் இரவுத் தாழ்வையும் பிரித்துப் பாருங்கள். மாதச் சராசரி இந்த விவரத்தை முழுங்கிவிடுகிறது. பகல் உச்சம் இயல்பாக இருந்து இரவுகள் மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தக் குளிர்ச்சி வறட்சியின் விளைவு. காற்றில் நீராவி குறைவு, மேகமும் இல்லை. பகலில் தரை வாங்கிய வெப்பம் இரவில் தடையில்லாமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது. பனிநிலையும் (காற்றிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இயல்பைவிடக் குறைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மாறாக, பகல் உச்சமே தாழ்ந்திருந்தால் வெளியிலிருந்து ஏதோ வந்திருக்கிறது: துருவப் பக்கத்திலிருந்து தொடர்ந்து வீசிய உலர்ந்த காற்று, மழை தராத கடல்மேகம், அல்லது புகைமூட்டம். தீவிரமான உதாரணம் 1816. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மேற்கு ஐரோப்பாவில் குளிர்ந்த, ஈரமான கோடை அமைந்தது. மத்திய இங்கிலாந்துத் தொடரில் மிகக் குளிர்ந்த ஜூலை அந்த ஆண்டினுடையதுதான், 13.4 டிகிரி. அதே கோடையில் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூனில் பனி விழுந்தது. ஆனால் அங்கே மழை பொய்த்தது. ஒரே காரணம், ஓரிடத்தில் ஈரம், மற்றோரிடத்தில் வறட்சி.

தோட்டம் வைத்திருப்பதால் ஒன்று சேர்க்கிறேன். மாதம் குளிர்ந்திருந்தது, ஆகவே 9 மில்லிமீட்டரே செடிக்குப் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நீர் ஆவியாவதைத் தீர்மானிப்பதில் வெயிலுக்கும் காற்றின் வேகத்துக்கும் உலர்ந்த தன்மைக்கும் வெப்பநிலைக்கு நிகரான பங்கு உண்டு. மேகமில்லாத, காற்றடிக்கும், குளிர்ந்த மாதம் மண்ணை நன்றாகவே உலர்த்தும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

குறிப்பேட்டில் எழுதும்போது எண்ணோடு நிலையத்தின் பெயரையும் இயல்பின் ஆண்டுகளையும் சேர்த்து எழுதுங்கள்: 'விமான நிலையத்தில், 1991–2020 இயல்பைவிட இத்தனை டிகிரி குறைவு, 31 ஆண்டுகளில் இத்தனையாவது குளிர்ந்தது, இத்தனையாவது வறண்டது.' வீட்டு அளவுகளைத் தனி வரிசையில் வையுங்கள். கருவியை நகர்த்தினாலோ, பக்கத்து மரத்தை வெட்டினாலோ தேதியைக் குறியுங்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டுக்கும் நிலையத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாதவாரியாக, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாக நீங்களே கணக்கிடலாம். அந்த 150 மீட்டருக்கு உரிய உண்மையான திருத்தம் அப்போதுதான் கிடைக்கும்.