அழுகிய உடலின் சிறுநீர்: ஸ்கிரீனிங் பாசிட்டிவ், ஜிசி-எம்எஸ் காலி

அழுகிய உடலின் சிறுநீரில், இம்யூனோஅஸ்ஸேயில் (ஆன்டிபாடி கொண்டு செய்யும் முதற்கட்ட ஸ்கிரீனிங்) ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து பாசிட்டிவ், ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து, அயனிகளின் நிறையால் அடையாளம் காணும் உறுதிப்படுத்தும் சோதனை) ஒன்றுமில்லை என்கிறீர்கள். அழுகிய மாதிரி என்பதால் முதல் சந்தேகம் ஃபீனெத்திலமின், டைரமின் மீதுதான். பாக்டீரியா அமினோ அமிலங்களை உடைத்து உண்டாக்கும் இவை ஆம்ஃபெட்டமினை ஒத்திருப்பதால் ஆன்டிபாடியை ஏமாற்றிவிடும்.

அதற்காக உடனே நெகட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள். சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த சாற்றை நைட்ரஜன் வாயுவில் உலர்த்தும் முன் மெத்தனாலில் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டீர்களா? விடாவிட்டால் ஆம்ஃபெட்டமினே ஆவியாகிப் போயிருக்கலாம். உப்பாக மாறினால்தான் குழாயில் தங்கும். பிரித்தெடுக்கும் முன்பே ஆம்ஃபெட்டமின்-டி5 (ஐந்து ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள ஆம்ஃபெட்டமின்) சேர்த்து, வரைபடத்தில் அதன் பீக் வழக்கமான அளவில் வருகிறதா பாருங்கள். இதுதான் நம்பகமான சாட்சி.

ஆம்ஃபெட்டமின் என்று உறுதிசெய்ய, அதன் எச்எஃப்பிஏ டெரிவேட்டிவில் (ஜிசி-எம்எஸ்ஸுக்காக எச்எஃப்பிஏ என்ற வினைப்பொருளால் மாற்றிய வடிவம்) 240, 118, 91 என்ற நிறை-மின்னூட்ட விகிதம் கொண்ட அயனிகள் மூன்றும் சரியான விகிதத்தில் வேண்டும். 104 ஓங்கி, கூடவே 91 வந்தால் அது ஃபீனெத்திலமின். எல்லா அயனிகளையும் பதியும் ஃபுல் ஸ்கேனில் ஓட்டுங்கள்; குறித்த அயனிகளை மட்டும் பார்த்தால் 104 கண்ணில் படாது.