தடைக்காலம் இல்லாத வேலை

கேள்வி: காசிமேட்டில் சின்னச் சபை ஒன்றின் போதகர் நான். குடி, கடன், புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ராத்திரி பதினொன்றுக்கும் கதவைத் தட்டுகிறார்கள். போன மாதம் ஒரு சாவு வீட்டில் ஜெபிக்கும்போது எனக்குள் எதுவுமே அசையவில்லை. விசுவாசம் போய்விட்டதா ஐயா?
(பெயர் வேண்டாம்)

பதில்: போகவில்லை தம்பி. நானும் 31 வருஷம் அங்கி போட்டவன். தண்டையார்பேட்டையில் ஒரே வாரத்தில் மூன்று அடக்கம் முடித்து வீடு திரும்பினேன். மகளுக்குக் காய்ச்சல் என்றாள் மனைவி. "அதுக்கென்ன இப்போ?" என்று கத்திவிட்டேன். அன்றைக்கு அந்தப் பிள்ளை பார்த்த பார்வை இன்னும் போகவில்லை.

இதற்குப் பெயர் பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்வதில்லை. ஓயாத வேலை அழுத்தத்தால் வருவது என்கிறது. உடம்பும் மனசும் வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது. இந்த மூன்றும்தான் அதன் அடையாளம். உங்கள் 'அசையவில்லை' இரண்டாவது.

உங்கள் துறைமுகத்து விசைப்படகுகளே மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையில் நிற்கின்றன. உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட இல்லையா? திங்கட்கிழமை போனை மூப்பர் ஒருவரிடம் கொடுங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். வேறு சபைப் போதகர் ஒருவரிடம் மாதம் ஒருமுறை மனசைக் கொட்டுங்கள். உங்கள் மேலதிகாரியிடம் வேண்டாம். தூக்கமே வரவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றினால் அன்றைக்கே 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். வேதாகமத்தில், சாக வேண்டிக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான்.