வைர மோதிரத்தின் நியாயமான விலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2014-இல் என் கணவர் வாங்கித் தந்த வைர மோதிரத்தை, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க முடிவு செய்திருக்கிறோம். 18 கேரட் தங்கம், மொத்த எடை 4.2 கிராம். நடுவில் 50 சென்ட் கல், சுற்றிலும் 16 சென்ட் பொடிக்கற்கள். நடுக்கல்லுக்கு, வைரத்தின் தரத்தை மதிப்பிடும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் சான்றிதழ் உண்டு. பில் தொகை 1,42,000 ரூபாய். வாங்கிய கடை இப்போது இல்லை. வேறொரு கடையில் 45,000 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்கிறார்கள். அலுவலகத் தோழி ஒருவர் தன் மகளுக்காக வாங்கிக்கொள்ள விரும்பி, விலையை என்னையே சொல்லச் சொல்கிறார். பில் தொகைக்குக் குறையக் கூடாது என்பது கணவரின் எண்ணம். அவ்வளவு கேட்டால் தோழியை ஏமாற்றியதாகுமோ என்று எனக்கு உறுத்துகிறது. எது நியாயமான விலை?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உறுத்தல் சரியானது. பில்லில் இருக்கும் 1,42,000 ரூபாயில் செய்கூலி, சேதாரம், வரி, கடையின் லாபம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. விற்கும்போது இவற்றில் எதுவும் திரும்பி வருவதில்லை. அதற்காகக் கடைக்காரர் சொன்ன 45,000 ரூபாய்தான் மோதிரத்தின் மதிப்பு என்றும் எண்ண வேண்டாம். அதே தரத்துக் கல்லை மொத்த வியாபாரியிடம் கடனுக்கே வாங்க முடிகிற ஒருவர், எப்போது விலைபோகும் என்று தெரியாத உங்கள் கல்லில் ரொக்கத்தை முடக்க வேண்டுமானால், மிகவும் குறைத்துத்தான் கேட்பார். அது அவருடைய தொழிலுக்கு நியாயம். உங்கள் தோழிக்கும் உங்களுக்கும் இடையே அதுவே அளவுகோலாக வேண்டியதில்லை.

முதலில் தங்கத்தையும் கல்லையும் பிரித்துக் கணக்கிடுங்கள். வைரத்தில் ஒரு கேரட் என்பது 100 சென்ட், அதன் எடை 200 மில்லிகிராம் என்பதால், உங்கள் 66 சென்ட் கற்களின் எடை 132 மில்லிகிராம். அதைக் கழித்தால் உலோகம் ஏறத்தாழ 4.07 கிராம்; 18 கேரட்டில் தங்கம் 75 விழுக்காடு என்பதால் சுத்தத் தங்கம் சுமார் 3.05 கிராம். நீங்கள் வாங்கிய ஆண்டில் 22 கேரட் தங்கம் கிராம் மூவாயிரம் ரூபாய்க்குள் இருந்தது. இன்று 24 கேரட் கிராம் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. கணக்குக்காகப் பத்தாயிரம் என்றே வைத்தாலும் தங்கத்துக்கு மட்டும் 30,500 ரூபாய் ஆகிறது. அப்படியானால் கடைக்காரர் கற்கள் அனைத்துக்கும் சேர்த்துத் தர முன்வந்தது 14,500 ரூபாய்க்கு மேல் இல்லை. மொத்தத் தொகையாகச் சொல்லப்பட்டதால் இது உங்கள் கண்ணில் படவில்லை. எந்தக் கடையில் கேட்டாலும் தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று தனித்தனியே சொல்லும்படி கேளுங்கள்.

கல்லின் விலை ஏன் இவ்வளவு தாழ்ந்தது என்பதை உங்கள் கணவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரங்கள் சந்தையைப் பெரிதும் மாற்றிவிட்டன. சுரங்க வைரத்தின் பெரும் வியாபாரியான டி பீர்ஸ் நிறுவனமே 2018-இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வகக் கற்களை கேரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. பின்னர் அவற்றின் விலை இன்னும் சரிந்தது. பார்வைக்கு வேறுபாடு தெரியாத கல் சிறு தொகைக்குக் கிடைக்கும்போது, உங்களுடையதைப் போன்ற இயற்கைக் கல்லின் விலையும் அழுத்தத்துக்கு உள்ளாகிறது. இதைத் தோழியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் இயற்கைக் கல்தான் வேண்டும் என்றால் அது அவருடைய விருப்பம். உங்கள் கல் இயற்கையானது என்பதற்குச் சான்றிதழே ஆதாரம். கடைகளில் வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் பேனா இயற்கைக் கல், ஆய்வகக் கல் இரண்டையும் வைரம் என்றே காட்டும். கல்லின் விளிம்பில் சான்றிதழ் எண் பொறிக்கப்பட்டிருந்தால், பூதக்கண்ணாடியில் அவருக்குக் காட்டிவிடுங்கள்.

இனி விலைக்கு வருகிறேன். உங்கள் சான்றிதழில் உள்ள அதே எடை, நிறம், தெளிவு, வெட்டு கொண்ட இயற்கைக் கல், நகையில் பதிக்காமல், இன்று என்ன விலை என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். தோழி புதிதாக வாங்கினால் கொடுக்க வேண்டிய தொகை அது. நீங்கள் கடைக்கு விற்றால் கற்களுக்குக் கிடைப்பது 14,500. இந்த இரண்டுக்கும் இடையே எந்த இடத்தில் விலை நின்றாலும் இருவருக்கும் ஆதாயம்தான். நடுவிலிருந்து சற்றுக் கீழே நிறுத்துவதே நியாயம் என்பேன். கடை தரும் திரும்பப் பெறும் உறுதியை உங்களால் தர முடியாது. பன்னிரண்டு ஆண்டு அணிந்ததில் விளிம்பு சிதைந்திருந்தால் பழைய சான்றிதழ் அதைச் சொல்லாது. ஓர் உதாரணத்துக்கு, புதிய கல் 70,000 ரூபாய் என்றால், உங்கள் கல்லுக்கு 40,000, தங்கத்துக்கு மேலே போட்ட கணக்கின்படி 30,500 (விற்கும் நாளின் விலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்), ஆக சுமார் 70,000 ரூபாய் கேட்கலாம். பொடிக்கற்களுக்கு மறுவிற்பனையில் மதிப்பு மிகக் குறைவு. அவற்றுக்குத் தனியே எதுவும் சேர்க்காதீர்கள்.

நம் வீடுகளில் வைரம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கை உண்டு. பிறர் அணிந்த கல்லென்றால் தயக்கம் இன்னும் கூடும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் தோழி சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க விரும்பினால், ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்புங்கள். மனம் ஒப்பாமல் வாங்கிய கல் நட்பையும் கெடுக்கும். (பாட்டி காலத்து ப்ளூ ஜாகர் என்னும் நீலச்சாயல் வைரத் தோடாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது; அவற்றுக்கென்று தனி மதிப்பும் தனி வாங்குநரும் உண்டு.)

பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். எடையும் சான்றிதழ் எண்ணும் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ரசீது ஆளுக்கொன்று இருக்கட்டும். வாங்கியதைவிடக் குறைவாக விற்பதால் மூலதன ஆதாய வரி வராது. அதைக் காட்டுவதற்காக 2014-ஆம் ஆண்டு பில்லின் நகலை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.