தெருவில் கிடைத்தது, சட்டத்தில் கிடைக்காதது

பிலிப்பைன்ஸின் தாவோ நகருக்கு மருத்துவம் படிக்க வந்து ஒரு மாதமான தம்பி ஒருவர் கேட்கிறார்: “கடை, வங்கி, கல்லூரி, எங்கு பார்த்தாலும் திருநங்கையரும் தன்பாலீர்ப்பினரும் வெளிப்படையாக இருக்கிறார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை. சட்டமும் அவர்கள் பக்கம்தானா? லட்லட் என்று தனிக்கட்சியே இருந்ததாமே?”

வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. கெசோன் சிட்டியில் எனக்கு முடிவெட்டுகிறவரைத் தெருவே ‘ஆத்தே’ என்று அழைக்கும்; அக்கா என்று பொருள். பேட்டைத் திருவிழாவின் அழகிப் போட்டிக்கு அவர்தான் நடுவர். ஆனால் வங்கியில் அடையாள அட்டையில் உள்ள ஆண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால், ஒரு நொடி யாரையோ அழைப்பதுபோல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுவார். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாலும் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற முடியாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

லட்லட்டின் கதையும் இதே ரகம்தான். ‘மக்லட்லட் நாங் காபா’ என்றால் போர்த்தியிருக்கும் மேலங்கியை விரித்துக் காட்டுவது, அதாவது தன்னை மறைக்காமல் வெளியே வருவது. அதிலிருந்து வந்த பெயர். எழுத்தாளரும் பேராசிரியருமான டாண்டன் ரெமோத்தோ 2003இல் தொடங்கினார். இங்கே கீழவையில் ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் கட்சிப் பட்டியல் முறைக்கு, அதாவது ஆளுக்கு அல்லாமல் கட்சிக்கே வாக்களிக்கும் முறைக்கு, உரியவை. அதில் போட்டியிட விண்ணப்பித்தபோது, 2009இல் தேர்தல் ஆணையம் பைபிளையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டி, ஒழுக்கக்கேடு என்று மறுத்தது. தேர்தல் ஆணையத்துக்கு வேதத்தில் என்ன வேலை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. உச்ச நீதிமன்றத்துக்கும் புரியவில்லை போலும். 2010 ஏப்ரல் 8 அன்று, மத நம்பிக்கையைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது என்று கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அடுத்த மாதமே தேர்தல். பட்டியலில் 187 கட்சிகள். விரலில் மையோடு கடைக்குத் திரும்பிய ஆத்தே, பெயரைத் தேடிப் பிடிப்பதற்குள் கண்ணே வலித்துவிட்டது என்றார். லட்லட்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வாக்குகள் விழுந்தன. இடம் உறுதியாக வேண்டுமென்றால் இரண்டு சதவீதம், கிட்டத்தட்ட ஆறு லட்சம் வேண்டும். அவருடைய தோழிகளிலேயே பாதிப் பேர் சொந்த ஊர்க்காரர் கட்சிக்குப் போட்டுவிட்டார்களாம். 2013இலும் தோல்விதான்.

2016இல் ஜெரால்டின் ரோமன் என்ற திருநங்கை பதான் மாகாணத்திலிருந்து கீழவைக்குப் போனார். ஆனால் அவர் அரசியல் குடும்பத்துப் பிள்ளை. கட்சிப் பட்டியல் வழியாகப் போகவில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா 2017இல் கீழவையில் 198 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. மேலவையில் நின்றுவிட்டது. கெசோன் சிட்டி போன்ற சில ஊர்களில் மட்டும் உள்ளூர்ச் சட்டம் உண்டு.

உங்களுக்கு இரண்டே வார்த்தை. பெண்தன்மையுள்ள ஆண்களையும் திருநங்கையரையும் குறிக்கும் ‘பக்லா’ என்ற சொல்லை அவர்கள் தமக்குள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்; நீங்கள் சொல்லாதீர்கள். அரசியல் ஊர்வலம் எதிலும் கொடி பிடிக்காதீர்கள். வெளிநாட்டவர் கலந்துகொண்டால் நாடு கடத்துவோம் என்று குடிவரவுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. படிக்க வந்த விசாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.