வாசகர் கேள்வி – பதில்: மொராக்கோவில் பாலைவனச் சுற்றுலா

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் கணவருடனும் பத்து வயது மகனுடனும் மொராக்கோ செல்கிறோம், மராகேஷ் நகரில் தங்குவோம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று பாலைவனச் சுற்றுலாக்கள் விளம்பரமாகின்றன. எல்லாவற்றிலும் ஒரே மணல்மேட்டுப் படம்தான். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: படத்தை ஒதுக்கிவிட்டு, பயணத்திட்டத்தில் எந்த ஊருக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு நாள் சுற்றுலா பெரும்பாலும் நகருக்கு அருகிலுள்ள அகஃபேக்குத்தான் செல்லும். அது கல்லும் கட்டாந்தரையுமான வறண்ட நிலம். மாலை வெயிலில் அழகாகவே இருக்கும், ஆனால் மணல்மேடு கிடையாது. இரண்டு நாள் என்றால் ஸகோரா. அட்லஸ் மலையில் 2,260 மீட்டர் உயரத்திலுள்ள திஸி ந் திஷ்கா கணவாயைக் கடந்து ஏழு மணி நேரம் போல வண்டியில் சென்று, சிறிய மேடுகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையே புறப்பட வேண்டியிருக்கும்.

விளம்பரப் படங்களில் பெரும்பாலும் இடம்பெறும் செம்மஞ்சள் மேடுகள், அல்ஜீரிய எல்லைக்கு அருகே மெர்சூகா என்னும் ஊரை ஒட்டிய எர்க் செபி என்ற மணற்பரப்பில் இருக்கின்றன. அவற்றில் உயரமானவை 150 மீட்டரை எட்டும். மராகேஷிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல் என்பதால்தான் மூன்று நாள் கேட்கிறார்கள். அதிலும் மணலில் கழிவது ஒரு மாலையும் ஓர் இரவும் ஒரு விடியற்காலையும் மட்டுமே. மூன்றாம் நாள் முழுவதும் வந்த வழியே திரும்புவதில் போய்விடும் என்பதால், சிறுவனை அழைத்துச் செல்லும் நீங்கள் மராகேஷில் தொடங்கி ஃபெஸ் நகரில் முடியும் சுற்றுலாவைக் கேட்டுப் பெறுவதே நல்லது என்பேன். அந்தப் பாதையில் அஸ்ரூவை அடுத்த தேவதாரு காட்டில் வாலில்லாத பார்பரிக் குரங்குகளைப் பார்க்கலாம். உங்கள் மகனுக்கு மணலைவிட அதுவே பிடித்துப்போனாலும் வியப்பில்லை. கூட்டமே வேண்டாம், நாளும் கூடுதலாக உண்டு என்றால் எர்க் சிகாகா இருக்கிறது; தார்ச்சாலை முடியும் முஹமீதிலிருந்து ஜீப்பில் சுமார் 60 கிலோமீட்டர் மணலிலும் கல்லிலும் செல்ல வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன், வண்டியில் எத்தனை பேர், கூடாரத்துக்குத் தனிக் கழிவறை உண்டா, கம்பளி எத்தனை தருவார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும். மலையில் பனி பெய்தால் கணவாயை மூடிவிடுவதும் உண்டு; அப்படி நேர்ந்தால் மாற்று ஏற்பாடு என்ன, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: 'நாடோடி முகாமில் தங்கல்' என்று போட்டிருக்கிறார்களே, உண்மையிலேயே நாடோடிகளுடன் தங்குவதா?

பதில்: இல்லை. அது பயணிகளுக்காகவே அமைத்த முகாம். அதை நடத்துவோரில் பலர் நாடோடிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தாம் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்வதற்கில்லை. ஆடும் ஒட்டகமும் மேய்த்து, விலங்கு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரங்களில் வாழும் குடும்பங்கள் அப்பகுதியில் இன்றும் உண்டு. சில வழிகாட்டிகள் அங்கே தேநீருக்கு அழைத்துச் செல்வார்கள். புதினாவும் நிறையச் சர்க்கரையும் சேர்த்த பச்சைத் தேநீரை நுரை எழும்படி உயரத்திலிருந்து ஊற்றித் தருவார்கள். அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள். மழுப்பினால் அந்தச் சந்திப்பைத் தவிர்த்துவிடலாம். பெண்களையும் குழந்தைகளையும் அனுமதி பெறாமல் படம் எடுக்க வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு ஒட்டகத்தில் ஏறவே பயம். என்ன செய்வது?

பதில்: ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை ஊன்றி எழும் என்பதால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார்; கைப்பிடியை இறுகப் பற்றி உடலைப் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மெர்சூகாவில் பல முகாம்களுக்கு ஜீப்பிலும் செல்ல முடியும். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள்.