வங்கிக்கு 61, தங்கைக்கு 38: ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பா?

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஊரில் அம்மா பெயரில் 3,600 சதுர அடி மனையும் தளம் போட்ட பழைய வீடும் இருக்கின்றன. அம்மா தவறிவிட்டார். வாரிசு அண்ணனும் நானும்தான். வீட்டை அண்ணன் வைத்துக்கொண்டு என் பாதிக்குப் பணம் தருவதாகப் பேச்சு. அவர் அழைத்து வந்த மதிப்பீட்டாளர் 38 லட்சம் என்று எழுதியிருக்கிறார். அம்மாவின் பீரோவைத் துழாவியபோது இன்னொரு அறிக்கை கிடைத்தது. அண்ணனின் தொழில் கடனுக்காக 14 மாதங்களுக்கு முன் இதே ஆள் இதே வீட்டுக்கு 61 லட்சம் போட்டிருக்கிறார். இப்படிச் செய்யலாமா? எனக்குச் சாதகமாக எழுதும் ஒருவரைச் சொல்ல முடியுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. அண்ணன் செய்ததாக நீங்கள் நினைப்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் 80 லட்சம் என்று ஓர் அறிக்கையை நீங்கள் கொண்டுபோனால், மூன்று காகிதங்களும் ஒரே தரத்துக்கு வந்துவிடும்.

ஒரே சொத்துக்கு இரண்டு மதிப்பு வருவதே தப்பு என்று இல்லை. வங்கி அறிக்கையில் பெரும்பாலும் சந்தை மதிப்பு, பணமாக்கக்கூடிய மதிப்பு (விற்றால் கைக்கு வரக்கூடியது), கட்டாய விற்பனை மதிப்பு (அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைப்பது) என்று மூன்று தொகைகள் இருக்கும். நீங்கள் ஒப்பிடுவது இரண்டிலும் சந்தை மதிப்பைத்தானா என்று முதலில் பாருங்கள். அப்புறம், இரண்டிலும் மனையின் பரப்பு ஒன்றா? கொல்லைப்புறத்தை ஓர் அறிக்கையில் விட்டிருந்தாலே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும். இன்னொன்றும் உண்டு. கும்பகோணம் வட்டாரத்தில் அடிமனை கோயிலுடையதாகவோ மடத்துடையதாகவோ இருந்து, கட்டடம் மட்டும் குடும்பத்துடையதாக இருக்கும் வீடுகள் ஏராளம். உங்கள் மூலப்பத்திரம் அப்படிப்பட்டது என்றால், மனைக்கு முழு விலை போட்ட 61 லட்சம்தான் பொய்.

இவை எதுவும் இல்லையென்றால் கணக்குக்குள் போகலாம். நீங்கள் அனுப்பிய பக்கங்களின்படி மனையின் விலை சதுர அடிக்கு 1,200 ரூபாயிலிருந்து 700 ஆகியிருக்கிறது. கட்டடம் 17.80 லட்சத்திலிருந்து 12.80 லட்சமாகியிருக்கிறது. கட்டடம் தேயும், உண்மைதான். 60 வருட ஆயுள், இறுதியில் 10 சதவீத மீதி மதிப்பு என்று வைக்கிற வழக்கப்படி ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்மானம். புதிதாகக் கட்ட 30 லட்சம் ஆகும் என்று வைத்தாலும் 14 மாதத்தில் குறைவது ஏறக்குறைய 52,000 ரூபாய். ஐந்து லட்சம் எங்கே போயிற்று?

மனை விலைக்கு, பக்கத்தில் நடந்த விற்பனைகளைக் காட்டியிருக்கிறாரா? பத்திர எண், தேதி, பரப்பு, நம் மனைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் கூட்டிக் குறைத்தது என எல்லாம் இருக்க வேண்டும். நம் பக்கம் பத்திரத்தில் பலர் வழிகாட்டி மதிப்பை ஒட்டித்தான் எழுதுகிறார்கள். அதனால் நேர்மையான மதிப்பீட்டாளர் நாலு பேரிடம் விசாரித்து, விசாரித்ததையும் அறிக்கையில் எழுதுவார். நேர்மையில்லாதவருக்கு இதே ஓட்டைதான் வசதி. வங்கிக்கு வாய்ப்பேச்சு விலை, தங்கைக்குப் பத்திர விலை! வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருக்கும் தொகை. அதையே சந்தை விலை என்று அண்ணன் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளில் ஒரு நடத்தை நெறி இருக்கிறது. வாடிக்கையாளரின் வசதிக்கேற்ற மதிப்பு போடக் கூடாது, காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கட்டணம் பேசக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அவை. குடும்பப் பாகத்துக்குப் பொருந்தாது என்று அவர் வாதாடலாம். வாதாடட்டும். என் கணக்கில், ஏற்கெனவே இந்த வீட்டை மதிப்பிட்டதை உங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் அவர் வேலையைத் தொட்டிருக்க வேண்டும். சொல்ல அண்ணன் சம்மதிக்காவிட்டால் வேலையை விட்டிருக்க வேண்டும். என்னிடமும் வீட்டைப் பார்க்கும் முன்பே “எவ்வளவு சார் போடுவீங்க?” என்று கேட்பவர்கள் வருகிறார்கள். அவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவது என் வழக்கம்.

முதலில் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால், அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பிடம் புகார் செய்யலாம். ஆனால் புகாரால் உங்கள் பங்கு கைக்கு வராது. அதற்கு, இரண்டு பேருக்கும் தொடர்பில்லாத ஒருவரை இருவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தில் நியமியுங்கள். எதற்காக மதிப்பீடு, எந்தத் தேதிக்கு மதிப்பு, கட்டணம் எவ்வளவு என்று கடிதத்திலேயே இருக்கட்டும். கட்டணத்தைப் பாதிப் பாதியாக முன்பே கொடுத்துவிடுங்கள். 38, 61 இரண்டையும் அவர் காதில் போடாதீர்கள். அளக்க வரும் நாளில் டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடிக்கட்டும், மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். கொல்லை எதுவரை என்ற தகராறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.